கடல் உப்பை மலையில் அளப்போம்



சென்ற டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் ஓர் இறால் செத்துப் போனது. சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட சின்ன இறால். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் வகை. அதை ஆசையாக வளர்த்தவள் என் தங்கச்சி, இரண்டாம் படிவ மாணவி. அது சாகக் காரணம் நான். கண்ட்ரோலர் திரையில் தெரிந்த ஓர் எண்ணை அப்படியே நம்பி, ஒரே ராத்திரியில் தொட்டித் தண்ணீரைக் கெடுத்துவிட்டேன்.

அந்த எண் ஏன் தப்பாக வந்தது என்று தேடிப் போனபோது கற்றுக்கொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். மீன்தொட்டி இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கேமரன் மலையில் தக்காளி, ஸ்ட்ராபெரி கூடாரங்களில் உரத்தண்ணீரை அளப்பவர்களுக்கும் இதே கருவிதான், இதே கணக்குதான்.

மலைமேல் ஒரு சின்னக் கடல்

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து வீடு. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் தேயிலை விளைகிறது. நம் தாத்தா பாட்டிமார் இங்கே கொழுந்து பறித்தார்கள். கடல் நமக்குத் தூரம். ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து லூமுட் வரை போனால்தான் பார்க்க முடியும். தங்கச்சி பள்ளிச் சுற்றுலாவில் பங்கோர் தீவுக்குப் போய் வந்தாள். வந்த நாளிலிருந்து, "அண்ணே, வீட்டுல கடல் மீன் வளர்க்க முடியாதா?" என்று ஒரே நச்சரிப்பு.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 60 லிட்டர் தொட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு கோமாளி மீன், ஓர் இறால், கொஞ்சம் பவளப்பாறைத் துண்டுகள். கீழே ஈப்போவில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரைக் குளிர வைக்கக் கருவி தேடுவார்கள். எங்களுக்குத் தலைகீழ். டிசம்பர் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே 18 டிகிரிதான் இருக்கும். தொட்டியை 25 டிகிரியில் வைக்க ஹீட்டர் வேண்டும். இந்த 18-ஐயும் 25-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கடல்நீரில் ஆயிரம் கிராமுக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. அதனால் நாளாக ஆக உப்புத்தன்மை ஏறும். நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்று சொல்வதற்குத்தான் உப்புத்தன்மை புரோப்.

பழைய மீன்தொட்டிக் கண்ட்ரோலர் ஒன்று எனக்கு மலிவாகக் கிடைத்தது. அதற்கென்று தயாரிப்பாளரே விற்கும் புரோப் கண்ட்ரோலரைவிட விலை அதிகம்! அப்போதுதான் மாமாவின் தக்காளிக் கூடாரம் ஞாபகம் வந்தது. அங்கே உரத்தண்ணீர் அளக்க இதே மாதிரி புரோப் இருக்கிறது. உரக் கடையில் உதிரியாகவே விற்கிறார்கள். விலை ஐந்தில் ஒரு பங்குதான். அதை இதில் பொருத்த முடியுமா? முடியும். ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

புரோப் உண்மையில் எதை அளக்கிறது?

புரோப்புக்கு உப்பு தெரியாது. தண்ணீர் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உப்பு கரையும்போது மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிகிறது. அயனிகள் கூடினால் மின்சாரம் எளிதாகப் போகும். இந்த அளவுக்குப் பெயர் மின்கடத்துதிறன். இதன் அலகு, ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிசீமென்ஸ். இனிமேல் சுருக்கமாக மி.சீ. என்று எழுதுகிறேன்.

சில எண்களைப் பாருங்கள். மாமாவின் தக்காளி உரத்தண்ணீர் 2 முதல் 3 மி.சீ. வரை இருக்கும். 35 உப்புத்தன்மை உள்ள கடல்நீர், 25 டிகிரியில் 53 மி.சீ. ஆக, கடல்நீர் அந்த உரத்தண்ணீரைவிட இருபது மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துகிறது.

கடல் ஆராய்ச்சியாளர்களும் உப்பை இப்படித்தான் அளக்கிறார்கள். 1978-இல் வகுத்த நடைமுறை உப்புத்தன்மை அளவுகோல், கடல்நீரின் மின்கடத்துதிறனைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலோடு ஒப்பிடுகிறது. ஒரு கிலோகிராம் கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்க வேண்டும்; வெப்பம் 15 டிகிரியாக இருக்க வேண்டும். அந்தக் கரைசலுக்குச் சமமாக மின்சாரம் கடத்தும் கடல்நீரின் உப்புத்தன்மை 35. வெப்பநிலையைச் சொல்லாமல் இந்த வரையறையைச் சொல்லவே முடியாது. இதை அன்றைக்கே நான் கவனித்திருந்தால் இறால் பிழைத்திருக்கும்.

இன்னொரு விஷயம். புரோப்புக்குள் போவது மாறுதிசை மின்சாரம். பேட்டரி மாதிரி ஒரே திசையில் மின்சாரம் விட்டால் உப்புத்தண்ணீர் பிரிந்து, முனைகளில் வாயுக் குமிழி கட்டும். அளவும் கெடும், முனையும் கெடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் கோல்ராஷ் மாறுதிசை மின்சாரத்தால் கரைசல்களை அளந்து காட்டினார். இன்றைய மலிவு விலைப் பலகையும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. வீட்டில் பேட்டரி வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். உப்புத்தண்ணீரிலிருந்து குளோரின் வாயு வரும்.

கே எண்: முதல் பொருத்தம்

புரோப்பின் நுனியில் இரண்டு மின்முனைகள் எதிரெதிரே இருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அவற்றின் பரப்பளவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதுதான் கே எண். கடைகளில் 0.1, 1, 10 என்று மூன்று வகை அதிகம் கிடைக்கும். மிகத் தூய்மையான தண்ணீருக்கு 0.1, பொதுவான வேலைக்கு 1, மிக உப்பான தண்ணீருக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோலர் பார்ப்பது ஒரு மின்தடையை மட்டும்தான். கணக்கு சுலபம்: 1000-ஐ மி.சீ. அளவால் வகுத்து, கே எண்ணால் பெருக்குங்கள். ஓம் கணக்கில் விடை வரும்.

கடல்நீர் 53 மி.சீ., கே 1 என்றால் 18.9 ஓம்.
கடல்நீர் 53 மி.சீ., கே 10 என்றால் 189 ஓம்.
கடல்நீர் 53 மி.சீ., கே 0.1 என்றால் 1.9 ஓம் மட்டுமே.

கே 1 புரோப்புக்காகச் செய்த கண்ட்ரோலரில் கே 10 புரோப்பைச் செருகினால் என்ன ஆகும்? அது 189 ஓமைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் 5.3 மி.சீ." என்று சொல்லும். கண்ட்ரோலர் பழுதில்லை, புரோப்பும் பழுதில்லை. ரெண்டும் வேற வேற பாஷை பேசுகின்றன, அவ்வளவுதான். என் கண்ட்ரோலர் கே 1 கேட்டது. மாமாவின் உதிரி புரோப்பும் கே 1. அதனால் பொருந்தியது.

மாமா முதலில் சிரித்தார். "மாப்ள, என் மீட்டர உன் கடல் தண்ணியில விட்டா 20-லயே நின்னுடும்டா" என்றார். உண்மைதான். அவருடைய மீட்டர் 20 மி.சீ. வரைதான் காட்டும். ஆனால் அந்த எல்லை மீட்டரில் இருப்பது, புரோப்பில் இருப்பதல்ல. அதே புரோப்பை 53 வரை அளக்கக்கூடிய கண்ட்ரோலரில் மாட்டினால் 53-ஐயும் காட்டும். மலிவான பாகத்தை ஒதுக்கும் முன், எல்லை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வயரும் வெப்ப உணரியும்

இரண்டாவது பொருத்தம் வயர். மீன்தொட்டிக் கண்ட்ரோலர்களில் பெரும்பாலும் பிஎன்சி எனப்படும் வட்டச் செருகி இருக்கும். உரக் கடைப் புரோப்பில் வெறும் நான்கு வயர்கள்: இரண்டு மின்முனைக்கு, இரண்டு வெப்ப உணரிக்கு. எந்த ஜோடி எது என்று மல்ட்டிமீட்டரால் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். புரோப் காய்ந்திருக்கும்போது மின்முனை ஜோடி தொடர்பே இல்லாதது போலக் காட்டும். வெப்ப உணரி ஜோடி ஏதாவது ஓர் ஓம் அளவைக் காட்டும். நுனியில் மின்முனைகள் நான்கு இருந்தால் அது வேறு வகைப் புரோப்; இரண்டு முனைக் கண்ட்ரோலருக்கு ஒத்துவராது.

மின்முனை ஜோடியைப் பிஎன்சி செருகியில் ஈயப்பற்று வைத்தேன். புரோப்பின் வயர் தொட்டி வரை எட்டவில்லை என்று 2 மீட்டர் மெல்லிய வயரை ஒட்டவும் செய்தேன். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் போக 2, வர 2 என்று மின்சாரம் 4 மீட்டர் ஓடுகிறது. 28 கேஜ் செம்பு வயர் என்றால் அதுவே ஏறக்குறைய 0.85 ஓம். உரத்தண்ணீர் 2.5 மி.சீ. என்றால் புரோப் 400 ஓம் காட்டும். அதில் 0.85 கலந்தால் ஒன்றும் தெரியாது. கடல்நீரின் 18.9 ஓமில் 0.85 கலந்தால் நூற்றுக்கு நாலரை பங்கு பிழை. அதனால் கே 1 புரோப்பைக் கடல்நீருக்குப் பயன்படுத்தினால் வயர் குட்டையாக, தடிமனாக, இணைப்பு இறுக்கமாக இருக்கட்டும். வயரை மாற்றினால் அளவுத்திருத்தத்தையும் மறுபடி செய்யுங்கள்.

மூன்றாவது பொருத்தம் வெப்ப உணரி. ஒன்று என்டிசி 10 கிலோஓம் வகை. 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும். இன்னொன்று பிடி1000, 25 டிகிரியில் சுமார் 1,097 ஓம் காட்டும். என்டிசி எதிர்பார்க்கும் கண்ட்ரோலரில் பிடி1000-ஐ மாட்டினால், தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்று அது நினைக்கும். டிஎஸ்18பி20 என்ற எண்முறை உணரி முற்றிலும் வேறு ஜாதி. அது ஓம் கணக்கே பேசாது. என் கண்ட்ரோலருக்குத் தனி வெப்ப உணரி ஏற்கெனவே தொட்டியில் இருந்தது. அதனால் புரோப்பின் வெப்ப வயர்களை மாட்டாமல் விட்டுவிட்டேன். அப்படி விட்டது தப்பில்லை. அதன் விளைவை யோசிக்காததுதான் தப்பு.

தண்ணீரில் விடும் முன்: மின்தடைச் சோதனை

இது எனக்கு மிகவும் பிடித்த படி. புரோப்பை மாட்டாமல், அதன் இடத்தில் சாதாரண மின்தடை ஒன்றைச் செருகி மாட்டிப் பாருங்கள். கே 1 கண்ட்ரோலருக்கு 18 ஓம், 1 சதவீதத் துல்லிய வகை போதும். கணக்குப்படி 55.6 மி.சீ. காட்ட வேண்டும். கே 10 பலகைக்கு 180 ஓமையும் 9.1 ஓமையும் தொடராக இணைத்தால் 189.1 ஓம்; ஏறக்குறைய அப்படியே கடல்நீர்.

இதனால் என்ன லாபம்? மின்தடையில் எண் சரியாக வந்து, தண்ணீரில் தப்பாக வந்தால் குறை புரோப்பில். மின்தடையிலேயே தப்பாக வந்தால் குறை கண்ட்ரோலரில் அல்லது அமைப்பில். சில சென் பெறுமானமுள்ள ஒரு பொருள், சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஒன்று மட்டும்: மின்தடை வெப்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கண்ட்ரோலரில் வெப்ப ஈடு என்ற அமைப்பு இருந்தால், இந்தச் சோதனையின்போது அதை நிறுத்திவிடுங்கள். அல்லது 25 டிகிரி என்று வையுங்கள்.

தரக் கரைசலை வீட்டிலேயே செய்யலாம்

அளவுத்திருத்தத்துக்கு, அளவு தெரிந்த ஒரு கரைசல் வேண்டும். 53 மி.சீ. கரைசல் சிறு பொட்டலமாகக் கடையில் கிடைக்கும். ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் பழகுவதற்கு வீட்டிலேயே செய்யலாம்: 32.9 கிராம் தூய சோடியம் குளோரைடு, 967.1 கிராம் வடிகட்டிய நீர். ரெண்டையும் கலந்தால் 25 டிகிரியில் 53 மி.சீ. வரும்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, அயோடினோ கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளோ கலக்காத உப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது, மலைக் குளிரில் உப்பு ஈரம் இழுக்கும். ஈர உப்பை நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம். அதனால் அடுப்பில் சூடாக்கி உலர்த்தி, மூடி வைத்து ஆறவிட்டு நிறுங்கள். மூன்றாவது, சமையல் தராசு ஒரு கிராம் முன்னேபின்னே காட்டும். 33 கிராமில் 1 கிராம் என்றால் நூற்றுக்கு 3 பங்கு பிழை. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

ஒரு சந்தேகம் வரலாம்: 35 உப்புத்தன்மைக்கு ஏன் 35 கிராம் போடவில்லை? கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. ஒவ்வோர் அயனியும் மின்சாரத்தை வேறு வேறு வேகத்தில் சுமக்கிறது. தனிச் சோடியம் குளோரைடு கொஞ்சம் குறைந்தாலே அதே 53 வந்துவிடும். புரோப்புக்கு உப்பு தெரியாது என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதற்கு இதுதான் சாட்சி.

அன்றைக்கு ராத்திரி நடந்த தப்பு

எல்லாம் பொருத்தியாயிற்று. மின்தடைச் சோதனையும் சரி. ராத்திரி பத்து மணிக்குத் தரக் கரைசலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, புரோப்பை விட்டு, "இது 53" என்று கண்ட்ரோலருக்குச் சொன்னேன். அது ஏற்றுக்கொண்டது. பிறகு புரோப்பைத் தொட்டியில் விட்டேன். திரையில் உப்புத்தன்மை 41.

பதறிப்போய்விட்டேன். 41 என்றால் மீன் தாங்காது. எட்டரை லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். எண் இறங்கி 35-க்கு வந்தது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

காலையில் இறால் கவிழ்ந்து கிடந்தது. தங்கச்சி அழவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மெஷின் 35-ன்னு சரியாத்தானே காட்டுது? அப்புறம் எப்படிண்ணே செத்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதில் கிண்ணத்தில் இருந்தது. கிண்ணத்துக் கரைசல் வீட்டுக் குளிரில், 18 டிகிரியில் இருந்தது. கண்ட்ரோலரின் வெப்ப உணரியோ தொட்டிக்குள், 25 டிகிரியில் இருந்தது. ஆகவே கண்ட்ரோலர் கிண்ணத்தையும் 25 டிகிரி என்றே நினைத்தது. மின்கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் மாறும். அதே கடல்நீர் 25 டிகிரியில் 53 மி.சீ., 15 டிகிரியில் 42.9 மி.சீ. ஆக, 18 டிகிரியில் என் கரைசல் ஏறக்குறைய 46 மி.சீ.தான். 46-ஐக் காட்டி "இது 53" என்று நான் பொய் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு அந்தக் கருவி எல்லாவற்றையும் நூற்றுக்கு 15 பங்கு கூட்டிச் சொன்னது. தொட்டியில் உண்மையில் 35 இருந்தபோது 41 காட்டியது. நான் தண்ணீர் ஊற்றி 35 காட்ட வைத்தபோது, உண்மையில் 30-க்கு இறங்கியிருந்தது.

மறுநாள் நண்பன் ஒருவனிடம் மிதவை அளவி வாங்கிவந்து சோதித்தேன். 35 உப்புத்தன்மைக்கு ஒப்படர்த்தி 1.026 இருக்க வேண்டும். அது காட்டியது 1.0225-க்குப் பக்கத்தில். சந்தேகமே இல்லை. கோமாளி மீன் தன் உடம்புக்குள் உப்பைச் சமன்படுத்திக்கொள்ளும், பிழைத்தது. இந்த வகை இறால் திடீர் மாற்றத்தைத் தாங்காது. பிறகு நாளுக்கு 1 வீதம், ஐந்து நாளில் மெதுவாக 35-க்கு ஏற்றினேன். அவசரமாக ஏற்றியிருந்தால் இன்னொரு தப்பாகியிருக்கும்.

சரியான முறை

இப்போது நான் செய்யும் முறை இது. நீங்களும் இதையே பின்பற்றலாம்.

1. கரைசல் இருக்கும் மூடிய பாட்டிலைத் தொட்டித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். கரைசலும் தொட்டியும் ஒரே வெப்பத்துக்கு வரட்டும்.

2. புரோப்பை வடிகட்டிய நீரில் கழுவி, துடைத்துக் காய வைத்து, காற்றில் பிடித்துப் பூச்சியம் என்று பதியுங்கள். நுனியைத் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். சில புரோப்புகளில் பூசியிருக்கும் கறுப்புப் பிளாட்டினம் தேய்த்தால் போய்விடும்.

3. புரோப்பையும் வெப்ப உணரியையும் ஒரே பாட்டிலுக்குள் சேர்த்து விடுங்கள். நான் விட்ட படி இதுதான். ஆனால் ஒன்று: உணரி வெளியே இருக்கும்போது தொட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கண்ட்ரோலர் ஹீட்டரை ஓட்டும். அதுவரை ஹீட்டரை நிறுத்தி வையுங்கள்.

4. லேசாகத் தட்டி, நுனியில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி இருந்தால் எண் குறைவாக வரும்.

5. எண் ஆடாமல் நின்ற பிறகுதான் 53 என்று பதியுங்கள். பதிந்ததும் புரோப்பை எடுத்து, கழுவி, அதே கரைசலில் மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டாம் முறையும் 53 வர வேண்டும்.

6. தொட்டியில் விட்ட பின், மிதவை அளவியோ ஒளிவிலகல் அளவியோ வைத்து ஒத்துப் பாருங்கள். ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் தண்ணீரைத் தொடாதீர்கள். முதலில் அளவையைச் சரிபாருங்கள்.

தொட்டியில் பிஎச் புரோப்பும் இருந்தால் இன்னொரு சோதனை. உப்புத்தன்மை புரோப்பின் செருகியைக் கழற்றுங்கள். பிஎச் எண் சட்டென்று நகர்ந்தால், ஒன்றின் மின்சாரம் தண்ணீர் வழியாக இன்னொன்றைத் தொந்தரவு செய்கிறது என்று பொருள். மின் தனிமைப்படுத்தும் பலகை ஒன்றை நடுவில் வைக்க வேண்டும்.

கண்ட்ரோலரே தண்ணீர் ஊற்றும் வசதி இருந்தாலும், ஒரு நாளைக்கு இத்தனை லிட்டருக்கு மேல் ஊற்றாதே என்று எல்லை வையுங்கள். தண்ணீர் ஊற்றும் பம்பை நீர்மட்ட மிதவையோடு இணைப்பது நல்லது. உப்புத்தன்மை எண் எச்சரிக்கை கொடுக்கட்டும். அது மட்டும் தனியாகப் பம்பை ஓட்ட வேண்டாம்.

மலிவு விலை மீட்டர்கள் சில பிபிஎம் என்று ஓர் எண் காட்டும். அது மின்கடத்துதிறனை 0.5 அல்லது 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கியது மட்டுமே. அதைக் கடல் உப்புத்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்பா சொன்னது

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருப்பவர். திட்டாமல் கேட்டுக்கொண்டார். "எங்க ஆலையிலயும் வெப்பமானி இருக்கு, நேரக் கணக்கு இருக்கு. இருந்தாலும் கொழுந்த ஒரு பிடி கையில அமுக்கிப் பார்க்காம நான் அடுத்த படிக்கு அனுப்ப மாட்டேன். கையும் மானியும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவருக்கு மின்கடத்துதிறன் தெரியாது. ஆனால் ஓர் எண்ணை இரண்டாவது சாட்சி இல்லாமல் நம்பக் கூடாது என்று முப்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு மூன்று வருஷப் பொறியியல் படிப்பு சொல்லித் தராததை ஓர் இறால் சொல்லித் தந்தது.

உரக் கடைப் புரோப் இன்றும் எங்கள் தொட்டியில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்கிறேன். விலை குறைந்த கருவி வாங்கினால், மிச்சமான காசுக்குப் பதிலாக நம் நேரத்தையும் கவனத்தையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது ஏமாற்றாது. கற்றுக்கொண்டதை வைத்து மாமாவின் மீட்டரையும் சோதித்தேன். காலைக் குளிரில் அவர் கலக்கும் உரத்தண்ணீருக்கு அவருடைய பழைய மீட்டர் வெப்ப ஈடு செய்யாமல் குறைத்துக் காட்டியது. அதைப் பார்த்து அவர் உரத்தைக் கூடுதலாக ஊற்றி வந்திருக்கிறார். இப்போது வெப்பநிலையையும் சேர்த்து எழுதி வைக்கிறார். பள்ளி முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் தோட்டத்துத் தம்பிமார் கவனியுங்கள்: கேமரன் மலையில் கூடாரங்கள் நிறைய இருக்கின்றன, இந்த வேலை தெரிந்தவர்கள் தேவை.

பயிற்சிக் கேள்விகள்

1. உரத்தண்ணீர் 2 மி.சீ., புரோப் கே 1. கண்ட்ரோலர் பார்க்கும் மின்தடை எவ்வளவு?

2. மொத்தம் 500 கிராம் எடையுள்ள 53 மி.சீ. தரக் கரைசல் செய்ய எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் நீர் வேண்டும்?

3. தொட்டி 25 டிகிரி, கரைசல் 32 டிகிரி. வெப்ப உணரியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு அளவுத்திருத்தம் செய்தால், பிறகு கருவி கூட்டிச் சொல்லுமா, குறைத்துச் சொல்லுமா?

விடைகள்: 1) 500 ஓம். 2) உப்பு 16.45 கிராம், நீர் 483.55 கிராம். 3) குறைத்துச் சொல்லும். சூடான கரைசல் 53-ஐவிட அதிகமாகக் கடத்தும். அதைப் போய் 53 என்று பதிந்துவிடுகிறோம். மலையடிவாரத்தில், மத்தியான வெயிலில் இருப்பவர்கள் இந்த மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தங்கச்சி போன மாதம் இன்னோர் இறால் வாங்கினாள். தொட்டியில் விடும் முன் மிதவை அளவியை அவளே எடுத்து வந்து, திரையில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒத்துப்போனது. அதன்பிறகுதான் இறாலை விட்டாள்.